பாபகூரா மண்டபத்தில் மாமியின் முறை

மாமியின் இறுதிச்சடங்கை நேரலையில் பார்த்த உங்களில் சிலர் எனக்குத் தகவல் அனுப்பியிருந்தீர்கள். அந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது நடுவில் சத்தம் போய்விட்டதாம், பிறகு தானாக வந்ததாம். சிட்னியில் இருக்கிறவர் தன் வீட்டு இணையத்தைத் திட்டினார். ரொறன்ரோவில் இருக்கிறவர் மண்டபக்காரரைத் திட்டினார். நான் ஒருவருக்கும் பதில் போடவில்லை. களைப்பாக இருந்தது. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை.

சத்தம் போகவில்லை. நடந்தது என்ன என்று சொல்ல உங்களை மாசிப் புறநகரில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நாங்கள் எல்லோரும் தலைக்குச் சாயம் பூசுகிற வயதுக்கு வந்துவிட்டோம், படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. ஆனாலும் அந்தக் கோடை உங்களுக்கு மறந்திருக்காது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் கூடும். பெரியவர்கள் விசாவையும் வீட்டுக் கடனையும் பற்றிக் கதைப்பார்கள். நாங்கள் கராஜுக்குள் ஓடி விளையாடுவோம், மாமி அதற்குள் வயலினைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் தங்கச்சி என்பதால் எனக்குத்தான் அவர் மாமி. நீங்கள் எல்லோரும் சும்மா சேர்ந்து கூப்பிட்டீர்கள். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். அப்பா மங்கரே விமான நிலையத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை செய்தார். மாமிக்கும் அங்கேயே, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் வேலை எடுத்துக் கொடுத்திருந்தார். இருவரும் விடிய முன்னமே பழைய வெள்ளைக் கொரோலாவில் போய்விடுவார்கள். பின்னேரம் வரும்போது மாமியின் விரல்களில் அலுமினியத் தாளின் மணமும் தோடம்பழத் தோலின் மணமும் கலந்திருக்கும். குளிர் அறையில் நின்று நின்று விரல் நுனிகள் வெளுத்துப் போயிருக்கும். வந்தவுடன் அவற்றைத் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தபடி தூங்கிவிடுவார்.

மாமி எதையும் அப்பாவைக் கேட்காமல் செய்ததில்லை. "அண்ணை, தேத்தண்ணி வைக்கட்டே?" "அண்ணை, சன்னலைத் திறக்கட்டே?" ஒருநாள் "அண்ணை, தலை முழுகட்டே?" என்று கேட்டதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எவ்வளவு நாள் சிரித்தோம்! அப்பா அதிகாரம் பண்ணுகிற மனிதர் இல்லை. கேட்டுக் கேட்டு அவரும் பதில் சொல்லப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

வயலினிலும் மாமி அப்படித்தான். பெரிய கச்சேரிகளில் வயலின்காரருக்கும் தனியாக ஒரு இடம் விடுவார்கள் என்று விபரம் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். மாமிக்கு அப்படி ஒரு கச்சேரி ஊரில் வாய்க்கவில்லை. கோயில் பசனை, பரீட்சைக்குப் பாடுகிற பிள்ளைகள், நடன அரங்கேற்றம், இவ்வளவும்தான். பாடுகிறவர் போகிற வழியில் நிழல் விழுந்த மாதிரிப் பின்னால் போகவேண்டும், அவர் பிழை விட்டால் அந்தப் பிழையையும் அழகாகத் தாங்கவேண்டும். இங்கே வந்த பிறகும் அதே வேலைதான். யார் வீட்டுப் பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றாலும் அப்பா பெருமையாகச் சொல்லிவிடுவார்: "என்ரை தங்கச்சி வாசிப்பாள்." மாமியின் சனிக்கிழமைகள் அப்படியே போய்க்கொண்டிருந்தன.

அப்படி ஒரு ஒத்திகைக்குப் போக வேண்டிய நாளில்தான் அது நடந்தது. அப்பாவின் வேலை முடியும்வரை மாமி ஊழியர் சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு துவாயை விரித்து, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து சுருதி கூட்டியிருக்கிறார். சாப்பாட்டுத் தள்ளுவண்டிகளை விமானத்துக்குத் தூக்கிக் கொடுக்கிற லொறியை ஓட்டுகிறவர் தேத்தண்ணியோடு உள்ளே வந்திருக்கிறார். தந்திகளின் சத்தத்தைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டு, யார் இப்படிக் கூட்டப் பழக்கியது என்று கேட்டாராம். சாப்பாட்டு அறையில் சத்தம் போட்டதற்கு ஏசுகிறார் என்று நினைத்து மாமி "சொரி, சொரி" என்று வயலினைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த மனிதர் ஒரு புளூகிராஸ் குழுவில் பான்ஜோ வாசிக்கிறவர். புளூகிராஸ் என்றால் அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு. மேளம் கிடையாது, பான்ஜோ, மண்டலின், கித்தார், ஆள் உயரத்துக்கு ஒரு பேஸ், பிறகு ஃபிடில். ஃபிடில் என்பது வயலின்தான். வாத்தியம் ஒன்று, நடத்தை வேறு. வெள்ளைக்காரர் வயலினுக்குச் சுருதி கூட்டுகிற விதம் எங்களுடையது இல்லை. ஆனால் அந்த மலைநாட்டுப் பழைய ஃபிடில்காரர்கள் சில பாட்டுகளுக்கு எங்களைப் போலவே ச-ப-ச-ப என்று கூட்டுவார்களாம். ஒலித்தட்டில் மட்டும் கேட்டிருந்ததை பான்ஜோக்காரர் அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் நேரே கேட்டுவிட்டார். அவர்களுடைய ஃபிடில்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்த நாள் ஒரு கசெற் கொண்டுவந்து கொடுத்தார். மாமி அதைக் காரில் போட்டார். வடமேற்கு நெடுஞ்சாலையில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன, ஓடுற பஸ்ஸில இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

"மோகனம் மாதிரி இருக்கு அண்ணை. ஆனால் ஒரு இடத்தில நிக்குதில்லை" என்றார் மாமி. அந்த வாரம் முழுவதும் காரில் வேறு கசெற் ஓடவில்லை.

பான்ஜோக்காரர் முறையாக எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், சொக்ஸில் ஓட்டை. அது அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. வேலையிடத்தில் ஆட்களைப் பகைக்கவும் கூடாது. "ஓம், வரட்டும். ஆனால் நானும் கூட வருவன்" என்றார். அம்மா முதியோர் இல்லத்தில் பின்னேர வேலைக்குப் போகிறவர் என்பதால் என்னையும் காரில் ஏற்றினார்கள். அப்படித்தான் அந்தக் கோடையின் வெள்ளிக்கிழமைகள் எனக்கு குழு ஒத்திகை பார்க்கிற பாபகூராவில் கழிந்தன. தகரக்கூரை போட்ட மண்டபம், தேத்தண்ணி கொதிக்கிற பெரிய வெள்ளிக் கொதிகலன், பழைய கம்பளத்தின் ஈர மணம், தூரத்தில் தண்டவாளத்தின் சத்தம்.

முதல் சிக்கல் மைக். இந்தப் பாட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு மைக்தான். எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறையோ அவர் முன்னே வந்து தன் கற்பனைப்படி வாசிப்பார், மற்றவர்கள் விலகி இடம் விடுவார்கள். மாமிக்கு நின்று வாசிக்கத் தெரியாது. வயலினின் தலை குதிக்காலில், மற்ற நுனி நெஞ்சில், அப்படித்தான் பழக்கம். மைக்கைப் பாதிக்கு இறக்கினார்கள். நான்கு பெரிய ஆண்கள் குனிந்து குனிந்து பாடினார்கள், பேஸ் வாசிக்கிறவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பான்ஜோக்காரர் கொட்டகையில் கிடந்த சரக்குப் பலகைகளை அறுத்து ஒரு சின்ன மேடை செய்துகொண்டு வந்தார். பலகை தெரியாமல் அம்மா பழைய சேலைக்கரையை வெட்டிச் சுற்றிவரத் தைத்துக் கொடுத்தார். மாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் ஏறுவார். சில வாரங்களில் மண்டலின்காரரும் ஏன் என்று தெரியாமலே அதைத் தொட்டுவிட்டு நிற்கத் தொடங்கினார்.

இரண்டாவது சிக்கல் பெரியது. பான்ஜோக்காரர் தன் முறையை வாசித்து முடித்துவிட்டு, மாமியைப் பார்த்து "யுவர் டேர்ன்" என்றார். மாமி தலையாட்டிவிட்டு, அவர் இப்போது வாசித்ததை அப்படியே, ஒரு சுரம் பிசகாமல் திருப்பி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பகிடி விடுகிறார் என்று நினைத்தார்கள். மறுபடி வாசித்தார்கள், மறுபடியும் அதேதான். மண்டலினுக்குப் பின் முறை வந்தால் மண்டலின் வாசித்தது. பாட்டுக்குப் பின் வந்தால் பாடியவரின் மூச்சுவாங்கல் உட்பட. மூன்றாம் முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பான்ஜோக்காரர் மேடைப் பலகையின் விளிம்பில் வந்து இருந்தார். பொறுமையாகத்தான் சொன்னார். இது மிக அருமை, ஆனால் இது என்னுடையது. உன்னுடையது என்ன?

மாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது காரில் மாமி மெதுவாகச் சொன்னார்: "எனக்கு முன்னால ஆரும் வாசிச்சால்தான் அண்ணை கை ஓடும்."

"அதிலை என்ன குறை? முன்னால ஆரும் வாசிப்பினம். பின்னால போறதுதான் கஷ்டம். அது அவங்களுக்கு விளங்காது" என்றார் அப்பா.

இப்போது யோசித்தால் அப்பா அதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார் என்று தெரிகிறது. தன் தங்கச்சிக்குக் கிடைத்த வரம் அது என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது.

ஜனவரி முடிவில், இங்கே அது நடுக்கோடை, இந்த நாட்டின் தென் தீவில் ஒரு வார விழா இருந்தது. குழுவுக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. அதற்கு முந்தின வாரச் சனிக்கிழமை பாபகூரா மண்டபத்தில் ஒரு கச்சேரி. அதில் மாமி தன் முறையைத் தானாக வாசித்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இல்லாவிட்டால் ஹமில்டனில் வேறு ஒரு ஃபிடில்காரர் தயாராக இருக்கிறார். பான்ஜோக்காரர் இதை மறைக்காமல் சொன்னார். அப்பாவும் மறைக்காமல் சொன்னார்: பாபகூரா மட்டும்தான். விழா வாரத்தில் எங்கள் சனத்துக்குள் இருந்த டொக்டரின் மகளுடைய அரங்கேற்ற ஒத்திகை இருக்கிறது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தங்கச்சியை நான்கு ஆண்களோடு தெற்கே அனுப்பினால் ஊரில் இருக்கிற ஐயாவுக்கு, என் அப்பப்பாவுக்கு, என்ன பதில் சொல்வது?

 மாமி போக ஆசைப்பட்டார். அது எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை எடுத்து, தென் தீவை விரலால் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரங்களில் கராஜுக்குள் எங்களை விடவில்லை என்று நீங்கள் கோபித்தது நினைவிருக்கிறதா? வேலையால் வந்து, தூங்காமல், மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவார். தகரக் கதவு வெயிலில் கொதிக்கும். நாலு சுரம் கேட்கும், நிற்கும். திரும்ப நாலு சுரம், திரும்ப நிற்கும். ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுபோனேன். முகமெல்லாம் வியர்வை.

"ஏன் மாமி நிப்பாட்டுறீங்கள்?"

"எதைத் தொட்டாலும் அது வேறை ஆற்றையோ, பிள்ளை. இது எங்கடை வயலின் சேர் வாசிச்சது. இது கோயிலில ஒரு அம்மா பாடினது. இது அந்தக் கசெற்றில வாறது." தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "என்ரையெண்டு ஒண்டும் இல்லைப்போலக் கிடக்கு."

எனக்கு அப்போது பத்து வயது. கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 

கச்சேரி நாளில் நாங்கள் மூன்று கார்களில் போனோம். அம்மா லீவு எடுத்து, இரண்டு பெரிய தட்டு ரோல்ஸ் செய்துகொண்டு வந்திருந்தார். இராணுவ முகாம் ஆட்கள், பண்ணைக்காரர்கள், கை கோத்த வயதான சோடிகள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. ரோல்ஸ் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் வெளியே புல்லுக்கு ஓடிவிட்டீர்கள். குறை சொல்லவில்லை, ரோல்ஸ் முடிந்தால் நீங்கள் எங்கும் இருந்தவர்கள் இல்லை. நான் அம்மாவோடு இருந்தேன்.

முதல் பாட்டுகளில் மாமி பின்னால் மட்டும் வாசித்தார். பான்ஜோக்காரர் அவரை வற்புறுத்தவில்லை. பிறகு வேகமான ஒரு பாட்டுக்கு முன்னால் அவர் திரும்பி மாமியைப் பார்த்தார், மாமி தலையசைத்தார். சரியாக அந்த நேரத்தில் ஒரு தொப்பிக்காரர் குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்தார். வெள்ளைக் கொரோலா யாருடையது? பக்கத்து வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறது, ஒருவர் வெளியே போக வேண்டும். அப்பா கார்த் திறப்பைத் தேடிக்கொண்டு, எல்லோருடைய முழங்கால்களையும் தாண்டி, "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று வெளியே போனார்.

பாடினார்கள். பான்ஜோவின் முறை வந்தது, போனது. மண்டலினின் முறை வந்தது, போனது. இருவரும் விலகினார்கள். மாமிக்கு முன்னால் மைக் மட்டும் நின்றது.

மாமி வாசிக்கவில்லை. கித்தார் போய்க்கொண்டிருந்தது, பேஸ் போய்க்கொண்டிருந்தது, வில் தந்தியில் இருந்தது, ஆனால் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் இருமினார். அம்மா என் கையை நெரித்தார். மறந்துபோனார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அடித்தந்தியிலிருந்து ஒன்று ஏறி வந்தது. பான்ஜோ வாசித்தது இல்லை. கராஜில் கேட்ட நாலு சுரமும் இல்லை. முதலில் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு அந்த ஓட்டத்துக்குள் குதித்து, அதை முந்திக்கொண்டு, ஒரு இடத்தில் வேண்டுமென்றே இழுத்து நிறுத்தி, எல்லோரையும் காக்க வைத்து, சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. சிரித்தது வயலினா மாமியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாமி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. பேஸ்காரர் "யா!" என்று கத்தினார். தகரக்கூரை அதிரக் கைதட்டினார்கள். அம்மா வெறும் ரோல்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். 

அப்பா வரும்போது அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

காரில் அவர்தான் முதலில் கதைத்தார். "பான்ஜோக்காரனுக்கு நல்ல கைதட்டு. கார் நிப்பாட்டுற இடம் வரைக்கும் கேட்டுது."

"அது அவனுக்கில்லை. உங்கடை தங்கச்சிக்கு" என்றார் அம்மா.

"சும்மா இரும். பின்னால வாசிக்கிற ஆளுக்கு ஆர் தனியாக் கைதட்டுறது?" என்று அப்பா சிரித்தார். மாமி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருத்தவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் மாமி சொன்னார்: "அண்ணை, நான் வாற கிழமை தெற்குக்குப் போறன்."

அப்பா பாணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மிச்சச் சொல் வரும் என்று காத்திருந்தார். "போகட்டே?" என்று மாமி கேட்கவேயில்லை.

"டொக்டருக்கு நான் என்ன சொல்லுறது?"

"வேறை ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கோ."

அந்த வாரம் முழுவதும் அப்பா மாமியோடு கதைக்கவில்லை. வேலைக்கு ஒரே காரில் போய், ஒரே காரில் வந்தார்கள், கதை இல்லை. குழுவின் வான் வண்டி வந்த அன்றும் அவர் முகம் கொடுக்கவில்லை. ஆனால் சேலைக்கரை தைத்த மேடையை ஏற்றி முடித்து, வான் எங்கள் ஒடுங்கின பாதையால் பின்னுக்குப் போகத் தடுமாறியபோது, அப்பா தெருவில் இறங்கி நின்று கையைக் காட்டினார். "வா, வா, இன்னும் வா, லெஃப்ட், ஓகே." கோபத்தோடேயே வழிகாட்டி அனுப்பிவிட்டார்.

மாமி திரும்பி வந்தது பெட்டி எடுக்கத்தான். பிறகு தென் தீவில் ஒரு சின்ன ஊரிலேயே இருந்துவிட்டார். பகலில் பள்ளி விடுதிச் சமையல், வார இறுதியில் ஃபிடில். குழு அங்கே போய்ச் சேரும், அல்லது இவர் விமானம் ஏறி வருவார். அவுஸ்திரேலியாவுக்குப் பலமுறை, ஒருமுறை அந்த அமெரிக்க மலைநாட்டுக்கே போய்ச் சம்மணம் கட்டி வாசித்தார். கலியாணம் பேசினார்கள், சரிவரவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. வேலையும் பயணமும் ஆளைத் தேய்த்தன, அதையும் சொல்லவேண்டும். கடைசிக் காலத்தில் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. கதிரையில் இருந்து, குதிக்காலுக்கு ஒரு முக்காலி வைத்து வாசித்தார். மேடைப் பலகை பேஸ்காரரின் கொட்டகையில் உக்கிப்போனதாம். அம்மாவின் சேலைக்கரை எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கலியாணங்களுக்கு வந்தார், உங்களுக்குத் தெரியும். "மாமி, பிள்ளை பாடுறாள், கொஞ்சம் பின்னால வாசியுங்கோ" என்போம். வாசித்தார், நிழல் மாதிரி. அதைப் பார்த்து அப்பா பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவார்: "பாத்தீரே, பழசு ஒண்டும் மறக்கேல்லை." அவர்கள் கதைக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. மரக்கறித் தோட்டம், மருந்து, காலநிலை எல்லாம் தொலைபேசியில் கதைத்தார்கள். மாமி தனியாக வாசித்ததை அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கிறீர்களா என்று யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை. நினைவுப் புத்தகமாக அச்சடிக்கிற கல்வெட்டில் மாமியின் வாழ்க்கைக் குறிப்புக்கு, "இசை ஆசிரியை எண்டு போட்டால் காணும்" என்று ஒரு உறவினர் சொன்னபோது எனக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பு இருக்கவில்லை.

இனி நீங்கள் நேரலையில் பார்த்ததற்கு வருகிறேன். குழுவில் மூன்று பேர்தான் மிச்சம், பேஸ்காரர் முன்னமே காலமாகிவிட்டார். மண்டபக்காரர் ஆளுக்கு ஒரு மைக் தர வந்தார். பான்ஜோக்காரர் ஒன்று போதும் என்று சொல்லி, அதைத் தானே பாதிக்கு இறக்கினார், சம்மணம் கட்டி இருக்கிற ஆளின் உயரத்துக்கு. அதனால்தான் அவர்கள் அப்படிக் குனிந்து பாடினார்கள், நீங்கள் நினைத்த மாதிரி வயது போனதால் மட்டும் இல்லை. பான்ஜோவின் முறை வந்தது, போனது. மண்டலினின் முறை வந்தது, போனது. மூன்று பேரும் விலகினார்கள். கித்தாரும் நின்றது. கால்கள் மட்டும் கம்பளத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

அப்பா சக்கர நாற்காலியில், முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் கையைத் தட்டினார்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டினம்?"

"நிப்பாட்டேல்லை அப்பா. இது மாமியின்ரை முறை."

அவர் சக்கர நாற்காலியை மைக்கின் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"அண்டைக்கு அவளின்ரை முறையில நான் காரெடுக்கப் போயிட்டன்" என்றார்.

அந்தக் கைதட்டு யாருக்கு என்று இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாமியின் முறை முடியும்வரை அவர் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேட்டார், பிறகு அவர்கள் திரும்பப் பாடத் தொடங்கினார்கள்.